உயிருள்ள மூளையின் வளர்சிதைப்பொருள்களை அளத்தல்: காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலும் தமிழ் அளவை நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

உயிருள்ள மாந்தரின் மூளையிலுள்ள வேதிப்பொருள்களை, மண்டையைத் திறவாமலும் திசுவை எடுக்காமலும் அறியத் துணைசெய்வது காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். இம்முறை தரும் எண்கள் நேரே கண்டறிந்த எண்கள் போலவே மருத்துவ அறிக்கைகளிலும் அறிவியல் எழுத்துகளிலும் வழங்கப்பெறுகின்றன. உண்மையில் அவை குறிகை, கணக்கீடு, ஒப்பீட்டுப் பொருள், முற்கோள் ஆகியவற்றின் வழியாக வந்தடையும் முடிபுகள் ஆகும். தமிழ்த் தருக்க மரபில் ‘அளவை’ என்னும் சொல் அளக்கும் கருவியையும் அறியும் வழியையும் ஒருங்கே குறிக்கிறது. மணிமேகலை விளக்கும் காண்டல், கருதல், அபாவம் ஆகிய அளவைகளையும் ஏதுப்போலி பற்றிய கருத்தையும் கொண்டு, இந்நவீன அளவீட்டின் எந்தப் பகுதி காட்சி, எந்தப் பகுதி கருதல் என்பதைப் பிரித்துக் காட்டுவதும், அப்பிரிவைத் தமிழ்த் தொடர்களில் பேணும் வழியை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்: காந்த ஒத்ததிர்வு, நிறமாலை, வளர்சிதைப்பொருள், செறிவு, அளவை, கருதல், ஏதுப்போலி, அறிவியல் தமிழ்.

முன்னுரை

எம்.ஆர்.ஐ. எனப் பரவலாக அறியப்பட்ட காந்த ஒத்ததிர்வுப் படம் மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது. அதே கருவியில், அதே காந்தப் புலத்தில் எடுக்கப்பெறும் நிறமாலையோ வடிவத்தைக் காட்டுவதில்லை. மூளையின் ஒரு சிறு பகுதியில் எவ்வெப் பொருள்கள் உள்ளன, எவ்வளவு உள்ளன என்னும் வினாக்களுக்கு மேடுபள்ளமான ஒரு கோட்டின் வாயிலாக அது விடை தருகிறது. படத்தைப் பார்ப்பவர் தாம் மூளையைக் கண்டதாகவே எண்ணுவர். நிறமாலையைப் பார்ப்பவரும் கோலினையோ கிரியேட்டினையோ கண்டதாக எண்ணுதல் இயல்பு. இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினா சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ‘கோலின் கூடியுள்ளது’ என்னும் ஒரு வரி, நோயாளியின் குடும்பத்தாரால் ‘புற்றுநோய் இருக்கிறது’ என்று படிக்கப்படலாம். ‘நரம்பணுக் குறிப்பான் குறைந்துள்ளது’ என்னும் வரி, மீளா இழப்பாகப் பொருள்கொள்ளப்படலாம். அளவீட்டின் உறுதியும் ஐயமும் மொழியில் எந்த அளவுக்கு நிற்கின்றனவோ, அந்த அளவுக்கே படிப்பவர் சரியான முடிவை அடைதல் இயலும்.

1. ஒத்ததிர்வும் வேதிப் பெயர்ச்சியும்

நீரணுவின் கரு ஒரு புரோட்டான். தற்சுழற்சியால் அது மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிய காந்தப் புலத்தில் அக்கரு, புலத்தின் வலிமைக்கேற்ற அதிர்வெண்ணில் அச்சுச் சுழல்கிறது. ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்சு என்பது அதன் அளவு. மருத்துவமனைகளில் வழங்கும் 3 டெஸ்லா கருவியில் இது ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்சு ஆகும். அதே அதிர்வெண்ணுடைய வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் ஆற்றலை ஏற்று, பின்னர் மெலிந்த குறிகையை வெளியிடுகின்றன. இதுவே ஒத்ததிர்வு. இலங்கைத் தமிழர் இதனைப் ‘பரிவு’ என வழங்குவர்.

பெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகியோர் தனித்தனியே இந்நிகழ்வைத் திண்மத்திலும் நீர்மத்திலும் நிறுவி 1946இல் வெளியிட்டனர். அதற்காக 1952இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பெற்றது. இயற்பியலாளரின் இக்கண்டுபிடிப்பை வேதியியலாளரின் கருவியாக மாற்றியது வேதிப் பெயர்ச்சி என்னும் பண்பு. ஒரு கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் புறப் புலத்தைச் சிறிதளவு மறைக்கின்றன. அம்மறைப்பு மூலக்கூற்றில் கரு அமைந்த இடத்துக்கேற்ப வேறுபடுவதால், அதிர்வெண்ணும் சிறிது வேறுபடுகிறது. 1951இல் ஆர்னால்டு, தர்மாட்டி, பக்கார்டு ஆகிய மூவரும் எத்தனாலின் குறிகை மூன்று முகடுகளாகப் பிரிவதைக் காட்டினர். மூலக்கூற்றின் மூவகைப் புரோட்டான்கள் தனித்தனியே தம்மை அறிவித்த நிகழ்வு அது. அம்மூவருள் ஒருவரான தர்மாட்டி பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவர்.

இவ்வேறுபாடு பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு, அதாவது பி.பி.எம். என்னும் அலகால் குறிக்கப்பெறும். மூளை நிறமாலையில் என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட்டு (என்.ஏ.ஏ.) 2.01இலும், கிரியேட்டின் 3.03இலும், கோலின் சேர்மங்கள் 3.2இலும் தோன்றுகின்றன. முதலிரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 130 ஹெர்ட்சு மட்டுமே. பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட ஹெர்ட்சில் இச்சிறு வேறுபாட்டைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால், காந்தப் புலம் அளக்கும் பகுதி முழுதும் சீராக இருத்தல் இன்றியமையாதது. நோயாளி தலையசைத்தாலும், எலும்புக்கும் காற்றறைக்கும் அருகில் இடம் தெரிந்தெடுக்கப்பட்டாலும் முகடுகள் அகன்று ஒன்றனுள் ஒன்று கலந்துவிடும்.

‘நிறமாலை’ என்னும் சொல் இங்கு ஆகுபெயராகவே நிற்கிறது. ஒளியை நிறங்களாகப் பிரித்த நிகழ்விலிருந்து பிறந்த அச்சொல், நிறமே இல்லாத வானொலி அதிர்வெண்களின் வரிசைக்கும் வழங்குகிறது. ‘அணுக்கரு’ என்னும் அடைமொழியோ மருத்துவ வழக்கில் விடுபட்டுவிட்டது. கதிரியக்கத்தோடு இதனை மக்கள் தொடர்புபடுத்திவிடுவர் என்னும் தயக்கமே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இம்முறையில் கதிரியக்கம் ஏதும் இல்லை.

2. மெலிந்த குறிகையும் பெரிய கனக்கூறும்

உடல் வெப்பநிலையில், 3 டெஸ்லா புலத்தில், பத்து இலட்சம் புரோட்டான்களுள் ஏறத்தாழ பத்து மட்டுமே புலத்தின் திசையில் மிகையாக நிற்கின்றன. குறிகை முழுதும் அம்மிகையிலிருந்தே பிறக்கிறது. அத்துடன் மூளையின் பெரும்பகுதி நீர். வளர்சிதைப்பொருள்களின் செறிவோ லிட்டருக்குச் சில மில்லிமோல்களே. எனவே நீரின் பெருங்குறிகையை முதலில் அடக்கியே சிறு முகடுகளை வெளிக்கொணர முடியும்.

அளக்க வேண்டிய பகுதி, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் மூன்று தளத்துண்டுகளின் சந்திப்பாகத் தெரிந்தெடுக்கப்பெறும். பிரஸ், ஸ்டீம் ஆகிய இரு முறைகள் இதற்கெனப் பெருவழக்காக உள்ளன. அச்சந்திப்பில் கிடைக்கும் கனக்கூறு பொதுவாகப் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் உடையது. அதன் கொள்ளளவு 8 மில்லிலிட்டர். படமாக்கலில் மில்லிமீட்டர் அளவு நுணுக்கம் கிடைக்கும்போது நிறமாலைக்கு ஏன் இவ்வளவு பெரிய இடம் என்னும் ஐயம் எழலாம். விடை கணக்கில் உள்ளது. குறிகை கொள்ளளவுக்கு நேர்விகிதத்தில் அமையும். மீண்டும் மீண்டும் அளந்து சராசரி காணும்போது இரைச்சலுக்கு எதிரான குறிகையின் மேம்பாடோ அளக்கும் முறைகளின் வர்க்கமூலத்துக்கே நேர்விகிதம். கனக்கூற்றின் பக்கத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகும். இழந்த தரத்தை மீட்க 64 மடங்கு நேரம் வேண்டும். 5 நிமிடத்தில் முடியும் அளவீடு ஐந்து மணி நேரத்தையும் கடக்கும். உயிருள்ள ஒருவரை அவ்வளவு நேரம் அசையாது கிடத்தல் இயலாது.

ஆகவே நிறமாலை சொல்வது ஓர் அணுவைப் பற்றியதன்று. கோடிக்கணக்கான நரம்பணுக்களும், பசையணுக்களும், குருதிக் குழல்களும், இடைநீரும் கலந்த ஒரு பகுதியின் சராசரியே அது. ஒரு தெருவின் மொத்தக் குரலைக் கேட்டு, வீடுகளின் நிலையை உணர முயல்வதை ஒத்தது இவ்வளவீடு.

3. முகட்டிலிருந்து செறிவுக்கு

முகட்டின் உயரத்தைக் கொண்டு பொருளின் அளவைக் கூறுதல் பிழையாகும். குறிகைக்கு அடிப்படை முகட்டின் பரப்பு. அப்பரப்பும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு மூலக்கூறும் அளிக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையையும் சார்ந்தது. என்.ஏ.ஏ.இன் முதன்மை முகட்டுக்கு மூன்று புரோட்டான்கள் காரணம். கோலின் முகட்டுக்கோ ஒன்பது. எனவே செறிவில் மிகக் குறைந்த கோலின், நிறமாலையில் ஓங்கி நிற்கிறது. பயிற்சியில்லாத கண் இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒத்த அளவினவாகக் கொள்ளும்.

பரப்பு செறிவாக மாறுவதற்குக் குறைந்தது நான்கு படிகள் உள்ளன. முதலாவது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த முகடுகளைப் பிரித்தல். ஒவ்வொரு பொருளின் தனி நிறமாலையையும் முன்னரே அறிந்து, அவற்றைத் தக்க விகிதத்தில் கூட்டிக் கண்ட நிறமாலையை மீட்டுருவாக்குதல் இதற்குரிய வழி. 1993இல் ஸ்டீபன் புரொவென்ச்சர் வெளியிட்ட எல்.சி.மாடல் என்னும் கணிப்பு முறை இவ்வழியைச் சார்ந்தது. இரண்டாவது, ஒப்பீட்டுப் பொருளைத் தெரிதல். கருவி தரும் எண்ணுக்கு அலகில்லை. உடனிருக்கும் நீரையோ கிரியேட்டினையோ அளவுகோலாகக் கொண்டே அதற்குப் பொருள் பிறக்கிறது. மூன்றாவது, தளர்வுத் திருத்தம். தூண்டப்பட்ட புரோட்டான்களின் குறிகை அளப்பதற்குள் ஒரு பகுதி மங்கிவிடும். மங்கும் வேகம் பொருளுக்குப் பொருள் வேறு. நோயுற்ற திசுவிலும் அது மாறக்கூடும். நான்காவது, கனக்கூற்றின் உள்ளடக்கத் திருத்தம்.

நான்காம் படியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூளைத் தண்டுவட நீரில் இப்பொருள்கள் மிகக் குறைவு. திசுவில் என்.ஏ.ஏ. லிட்டருக்கு 10 மில்லிமோல் இருப்பதாகக் கொள்வோம். கனக்கூற்றில் ஐந்தில் ஒரு பங்கு தண்டுவட நீராயின், திருத்தாத கணக்கு 8 அல்லது அதற்கும் குறைவான எண்ணையே தரும். முதுமையில் மூளை சுருங்கி இடைநீர் பெருகுவது இயல்பாதலால், முதியோரிடம் காணும் ‘குறைவு’ திசுவின் குறைவா, கனக்கூற்றில் திசு குறைந்ததா என்பதைப் பிரித்தறியாமல் ஒன்றும் கூற இயலாது.

இக்கணிப்புகளோடு பிழை வரம்பு ஒன்றும் விழுக்காடாகத் தரப்பெறும். வரம்பு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் அம்மதிப்பை நீக்கிவிடும் வழக்கம் ஆய்வாளரிடையே உண்டு. பார்வைக்கு இது கண்டிப்பான நெறி. ஆனால் பொருளின் அளவு குறையக் குறைய, அதே பிழை விழுக்காட்டில் பெரிதாகத் தோன்றும். எனவே இவ்விதி, மெய்யாகவே குறைந்த அளவுடையோரை நீக்கிவிட்டு, மிகுந்த அளவுடையோரை மட்டும் நிறுத்திச் சராசரியைத் திரித்துவிடக்கூடும்.

4. அளவை: அளக்கும் கருவியும் அறியும் வழியும்

தமிழில் ‘அளவை’ நாழி, மரக்கால் முதலியவற்றையும் குறிக்கும், உண்மையை அறியும் வழியையும் குறிக்கும். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி, உள்ளநெறி என்னும் பத்து அளவைகளைக் கூறுகிறான். தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் காட்சி, கருதல் என்னும் இரண்டனுள் ஏனையவற்றை அடக்கி, கருதலின் உறுப்புகளையும் அதன்கண் நேரும் போலிகளையும் விரிக்கிறார். சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் பிறவற்றை அடக்கும். சமயங்களுக்கிடையே அளவைகளின் எண்ணிக்கை மாறினும், கண்டதும் கண்டதைக்கொண்டு உணர்ந்ததும் வேறு என்னும் பாகுபாடு எங்கும் நிலைபெற்றுள்ளது.

பழந்தமிழர் இந்நவீன முறையை அறிந்திருந்தனர் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. அறிவு வந்த வழியைக் கேட்கும் ஒழுங்கு தமிழில் முன்பே சொல்வடிவம் பெற்றுள்ளது என்பதும், அச்சொற்கள் இன்றும் பயன்படத்தக்கவை என்பதுமே இங்கு வற்புறுத்தப்படுகின்றன. அவ்வொழுங்கின்படி நிறமாலை அளவீட்டை மூன்று படிகளாகக் காணலாம். 2.01இல் ஒரு முகடு தோன்றுதல், கருவியின் துணையோடு நிகழும் காட்சி. அம்முகட்டின் பரப்பிலிருந்து செறிவைப் பெறுதல் கணக்கீட்டு வழிப்பட்ட கருதல். அச்செறிவைக் கொண்டு நரம்பணுக்களின் நிலையைக் கூறுதல் அக்கருதலின்மேல் எழும் மற்றொரு கருதல். அறிக்கைகளில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே வினைமுற்றால், ‘காட்டுகிறது’ என்று முடிகின்றன.

5. என்.ஏ.ஏ.: அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி

என்.ஏ.ஏ. 1956இல் டாலன், மூர், ஸ்டைன் ஆகியோரால் பூனையின் மூளையில் கண்டறியப்பட்டது. வளர்ந்த மூளையில் அது பெரிதும் நரம்பணுக்களிலேயே உள்ளமையால் நரம்பணுக் குறிப்பான் எனப் பெயர் பெற்றது. பக்கவாதம், மூளைக்கட்டி, நரம்புச் சிதைவு நோய்கள் ஆகியவற்றில் அது குறைவதும் அறியப்பட்டதே. இவற்றிலிருந்து எழும் வாதத்தைத் தருக்க உறுப்புகளாக அமைத்தால் அதன் வலிமையும் மெலிவும் தெளிவாகும். ‘இப்பகுதியில் நரம்பணுக்கள் அழிந்துள்ளன’ என்பது பக்கம். ‘என்.ஏ.ஏ. குறைந்திருத்தலின்’ என்பது ஏது. ‘பக்கவாதத்தில் இறந்த பகுதி போல’ என்பது எடுத்துக்காட்டு.

ஏது செம்மையாக இருக்க வேண்டுமெனின், அது நிறுவவேண்டிய பொருள் இல்லாத இடத்தில் தோன்றலாகாது. புகை நெருப்பில்லாத இடத்தில் எழுமானால் அது நெருப்புக்கு ஏதுவாகாது. பன்முகத் தடிப்பு நோயின் தீவிரக் கட்டத்தில் குறைந்த என்.ஏ.ஏ. பின்னர் ஓரளவு மீள்வது கண்டறியப்பட்டுள்ளது. நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு நோயில், அறுவைக்குப் பின் வலிப்பு நின்றவர்களின் மறுபக்க மூளையிலும் அத்தகைய மீட்சி காணப்பட்டுள்ளது. இறந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆதலின் குறைந்தது உயிர்களின் எண்ணிக்கையன்று, அவற்றின் வளர்சிதை நிலை என்றே அவ்விடங்களில் கொள்ள வேண்டும். பிறந்த குழந்தையின் மூளையிலோ என்.ஏ.ஏ. இயல்பாகவே குறைவு. வளர்ச்சியோடு அது பெருகுகிறது. கேனவன் நோயில் நிலை முற்றிலும் மாறுகிறது. என்.ஏ.ஏ.ஐப் பகுக்கும் நொதி குறைபடுவதால் அது மூளையில் மிகுந்து தேங்குகிறது. மூளையோ அழிந்துகொண்டிருக்கிறது.

இவ்வாறு ஏது, நிறுவவேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் சென்று நிற்பதை மணிமேகலை ‘அநைகாந்திகம்’ என்னும் ஏதுப்போலியாகக் கூறும். என்.ஏ.ஏ. பயனற்றது என்பது இதன் பொருளன்று. பக்கத்தின் பரப்பைச் சுருக்கினால் ஏது வலிமை பெறும். ‘நரம்பணுக்கள் அழிந்துள்ளன’ என்பதற்கு மாறாக, ‘நரம்பணுக்கள் குறைந்தோ நலிந்தோ உள்ளன’ என்று கூறினால், குறைவு காணப்படும் நிலைகளுள் பெரும்பாலானவற்றை அது தழுவும். வினைச்சொல் ஒன்றை மாற்றுவதால் வாதம் செம்மையுறுகிறது.

6. கிரியேட்டின்: விகிதத்தின் மயக்கமும் அபாவத்தின் வலிமையும்

முழுமையான செறிவைக் காண்பதிலுள்ள இடர்களைத் தவிர்க்க, கிரியேட்டினைப் பகுதியாகக் கொண்டு பிற பொருள்களை விகிதமாகக் கூறும் வழக்கம் ஏற்பட்டது. மூளையில் கிரியேட்டின் பெரிதும் மாறுவதில்லை என்னும் முற்கோளே இதற்கு அடிப்படை. அம்முற்கோள் எங்கும் பொருந்துவதன்று. கட்டிகளிலும் திசு அழிந்த இடங்களிலும் கிரியேட்டினும் குறைகிறது. கோலின்–கிரியேட்டின் விகிதம் உயர்ந்தால் தொகுதி கூடியதா பகுதி குறைந்ததா என்பதை விகிதம் மட்டும் உரைக்காது. ‘கோலின் கூடியுள்ளது’ என எழுதுவோர், காணப்பட்ட விகிதத்தை விடுத்துக் காணப்படாத கூட்டத்தைக் கூறிவிடுகின்றனர்.

மாறாதது எனக் கொள்ளப்பட்ட கிரியேட்டின் முற்றிலும் இல்லாமற்போன நிகழ்வே, இம்முறையின் வரலாற்றில் பெரும்பயன் விளைத்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. வளர்ச்சி தடைப்பட்டு, உடலசைவுக் கோளாறும் கொண்ட ஒரு குழந்தையின் மூளை நிறமாலையில் கிரியேட்டின் முகடு காணப்படவில்லை. ஆராய்ந்தபோது, கிரியேட்டினை ஆக்கும் ஜி.ஏ.எம்.டி. என்னும் நொதியின் பிறவிக் குறைபாடு வெளிப்பட்டது. ஜெர்மனியில் ஸ்டாக்லரும் உடனுழைத்தோரும் 1994இல் இதனை வெளியிட்டனர். வாய்வழி கிரியேட்டின் தந்தபோது மூளையில் அம்முகடு மீண்டும் தோன்றியது, குழந்தையின் நிலையும் மேம்பட்டது. பின்னர் இவ்வகையில் மேலும் இரு குறைபாடுகள் அறியப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆக்கத்தைச் சார்ந்தது, மருந்துக்கு இணங்குவது. மற்றொன்று கிரியேட்டினை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தைச் சார்ந்தது. அதில் வாய்வழித் தரும் கிரியேட்டின் மூளையை எளிதில் அடைவதில்லை.

இல்லாமையை அறிதல் ‘அபாவம்’ என ஓர் அளவையாக எண்ணப்பட்டதை மேலே கண்டோம். எல்லா இல்லாமையும் அறிவாகாது. இருந்திருந்தால் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் காணாமை இல்லாமைக்குச் சான்றாகும். அக்குழந்தையின் நிறமாலையில் என்.ஏ.ஏ., கோலின் முகடுகள் தெளிவாக நின்றன. கிரியேட்டின் அவற்றோடு ஒத்த அளவில் தோன்ற வேண்டிய பொருள். எனவே அவ்விடத்துக் காணாமை உறுதியான சான்றாயிற்று. முகடுகள் அகன்று கலங்கிய நிறமாலையில் ஒரு சிறு பொருள் காணப்படாமைக்கு அத்தகுதி இல்லை. ‘இல்லை’ என்பதும் ‘காணப்படவில்லை’ என்பதும் தமிழில் வெவ்வேறு தொடர்கள். அறிக்கை எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

7. காபா: பெயரிலேயே நிற்கும் எல்லை

நரம்புத் தூண்டலைத் தணிக்கும் காபா, மூளையில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல் அளவினது. அதன் ஒரு முகடு 3.0இல், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கிரியேட்டினுக்கு அடியில் மறைந்துகிடக்கிறது. அதனை வெளிக்கொணர, காபாவை மட்டும் பாதிக்கும் துடிப்பைச் செலுத்தி ஒருமுறையும், செலுத்தாமல் ஒருமுறையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பர். 1998இல் வெளிவந்த மெகா-பிரஸ் என்னும் முறை இவ்வகையது. கழித்தலில் கிரியேட்டின் நீங்கிக் காபா எஞ்சும். ஆனால் பெருமூலக்கூறுகளின் குறிகையும் ஒரு பங்கு உடன் எஞ்சுகிறது. அது மொத்தத்தில் பாதியளவு வரை இருக்கக்கூடும்.

இந்நிலையில் ஆய்வாளர்கள் அளந்த பொருளைக் ‘காபா’ என்று கூறாமல் ‘காபா+’ என்று எழுதுகின்றனர். ஒரு சிறு குறி, ‘இதில் பிறவும் கலந்துள்ளன’ என்னும் முழுத் தொடரைத் தாங்கி நிற்கிறது. அவ்வாறே பிரிக்க இயலாத பல சேர்மங்களைச் சேர்த்து ‘மொத்தக் கோலின்’, ‘மொத்தக் கிரியேட்டின்’ என வழங்குதலும் உண்டு. குளூட்டமேட்டையும் குளூட்டமினையும் பிரிக்க இயலாத இடத்தில் இரண்டுக்கும் பொதுவாகக் ‘குளெக்ஸ்’ என்பர். தமிழாக்கத்தில் இக்குறியையும் ‘மொத்த’ என்னும் அடைமொழியையும் தேவையற்றன எனக் களைந்துவிடுவது எளிது. களைந்தால் பெயர் அழகுபெறும், பொருள் பொய்யாகும். ‘கூட்டுக் காபா’ என்பது போன்ற ஓர் ஆக்கம் அவ்வெல்லையைத் தமிழிலும் காக்கும்.

எண்ணின் எல்லை இதனோடு முடிவதில்லை. நிறமாலை அளப்பது கனக்கூற்றிலுள்ள காபா முழுவதையும். நரம்பிணைப்பில் அக்கணத்தில் தொழிற்படும் பங்கு எவ்வளவு என்பதை அது கூறாது. ‘காபா குறைந்தமையால் தணிப்பு குறைந்தது’ என்னும் தொடர், அளக்கப்பட்டதிலிருந்து அளக்கப்படாததற்குத் தாவுவதாகும்.

8. மருத்துவப் பயனும் தமிழ்க் கூற்றும்

இவ்வரையறைகள் இம்முறையின் பயனைக் குறைப்பன அல்ல. எதனை எவ்விடத்தில் நம்பலாம் என்பதை அவை அறிவிக்கின்றன. பிறப்பின்போது மூச்சுத்திணறிய குழந்தையின் ஆழ்சாம்பற் பகுதியில் லாக்டேட்டு உயர்ந்து என்.ஏ.ஏ. தாழ்ந்திருத்தல், பின்விளைவை முன்னுணர உதவும் வலிய சான்றாக மதிக்கப்படுகிறது. கல்லீரல் நோயால் மூளை பாதிக்கப்பட்டோரிடம் குளூட்டமின் கூடி, கோலினும் மையோ-இனோசிட்டாலும் குறைந்த ஒரு தொகுப்பு தோன்றுகிறது. தனியொரு முகட்டினும் முகடுகளின் தொகுப்பே உறுதி மிக்க ஏதுவாதலை இது காட்டும்.

இந்திய மருத்துவத்தில் மூளைக் காசநோய்க் கட்டியைப் பிற கட்டிகளிலிருந்து பிரித்தறிதல் நாளும் எழும் சிக்கல். காசநோய்க் கட்டியின் நிறமாலையில் 1.3 அளவில் கொழுப்பு முகடு ஓங்கித் தோன்றும். ஆயினும் திசு அழுகிய தீவிரப் புற்றுக்கட்டியிலும் கொழுப்பு தோன்றும். கோலின் உயர்வும் அவ்வாறே. புற்றில் அது உயரும், நரம்புறை அழியும் தீவிர நிலையிலும் உயரும். ஆகவே படம், குருதிச் சோதனை, நோய் வரலாறு ஆகியவற்றோடு சேர்ந்தே நிறமாலை சான்றாகிறது. இதற்கு மாறான ஒரு நிலையும் உண்டு. ஐ.டி.எச். மரபணு மாறிய மூளைக்கட்டிகளில் 2-ஹைட்ராக்சி குளூட்டரேட்டு தேங்குவது 2009இல் அறியப்பட்டது. 2012இல் உயிருள்ள நோயாளிகளிடமே அது நிறமாலையால் அளக்கப்பட்டது. நலமான மூளையில் அப்பொருள் மிக அரிது. எனவே அதன் தோற்றம், பிறவற்றினும் செம்மையான ஏது. எனினும் அதன் முகடு குளூட்டமேட்டு, குளூட்டமின், காபா ஆகியவற்றின் முகடுகளோடு படிவதால், கணிப்பில் பொய்த்தோற்றம் நேரவும் கூடும்.

இவற்றைத் தமிழில் கூறுங்கால், அறிவின் படிக்கேற்ப வினைமுற்றை வேறுபடுத்துதல் தகும். முகட்டைக் ‘காணப்பட்டது’ எனவும், செறிவை ‘மதிப்பிடப்பட்டது’ எனவும், உடல்நிலை பற்றிய முடிவை ‘உய்த்துணரப்படுகிறது’ எனவும் கூறலாம். மூன்றாவதற்குக் ‘கருதப்படுகிறது’ என்பதே மரபின்படி பொருந்தும். ஆனால் அச்சொல் இக்கால வழக்கில் ‘எண்ணப்படுகிறது’ என்னும் உறுதியற்ற பொருளுக்கு நெகிழ்ந்துவிட்டது. ஏதுவால் நிறுவப்படும் கருதலுக்கும் வெறும் எண்ணத்துக்கும் இடையே நின்ற எல்லை அதனால் மறைந்தது. எனவே ‘உய்த்துணர்தல்’ இங்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒப்பீட்டுப் பொருளையும் தொடருக்குள்ளேயே நிறுத்துதல் வேண்டும். ‘கோலின் கூடியுள்ளது’ என்பதனினும் ‘கிரியேட்டினை நோக்கக் கோலின் விகிதம் உயர்ந்து காணப்பட்டது’ என்பது நீண்டதாயினும் உண்மைக்கு நெருங்கியது.

நிறமாலை ஆய்வாளர்களும் இதே தேவையை வேறு வழியில் உணர்ந்துள்ளனர். கருவி, கனக்கூற்றின் இடம், கணிப்பு முறை, தரம் ஆகியவற்றுள் எவற்றை ஒரு கட்டுரை கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்னும் குறைந்தபட்ச நெறிகளை அவர்கள் 2021இல் வகுத்து வெளியிட்டனர். எண்ணோடு அது வந்த வழியையும் கூற வேண்டும் என்பதே அந்நெறிகளின் சாரம்.

முடிவுரை

காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் உயிருள்ள மூளையின் வேதியியலைக் கருவி வழிப்பட்ட காட்சியாலும் கணக்கு வழிப்பட்ட கருதலாலும் அறிவிக்கும் முறை என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. அதன்கண் முகடு மட்டுமே காட்சி. செறிவும் நோய்நிலையும் அடுத்தடுத்து எழும் கருதல்கள். என்.ஏ.ஏ. குறைவை நரம்பணு அழிவாகக் கொள்வதில் அநைகாந்திகம் நேர்கிறது. கிரியேட்டின் விகிதத்தில் பகுதியின் மாற்றம் மறைகிறது. தெளிந்த நிறமாலையில் கிரியேட்டின் இன்மையோ வலிய சான்றாகி, மருந்தில்லை என விடப்பட்டிருக்கக்கூடிய நோய்க்கு மருந்து காட்டியது.

அறிவியல் தமிழ் என்பது கலைச்சொல்லாக்கத்தோடு அமைந்துவிடுவதன்று. பெயர்ச்சொற்கள் எவ்வளவு செம்மையாக ஆக்கப்பெறினும், அறிவின் உறுதியைத் தாங்குவது வினைமுற்றே. கண்டதையும் கணித்ததையும் உய்த்துணர்ந்ததையும் வேறுபடுத்தும் வினைகள் தமிழில் உள்ளன. அவ்வேறுபாட்டைப் பேணும் மருத்துவ அறிக்கை, அதனைப் படிக்கும் குடும்பத்துக்கு வீண் அச்சத்தையும் வீண் நம்பிக்கையையும் தவிர்க்கும்.